கார் வராத ஒரு மணி நேரம்

செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டி வாங்க முதல் ஆளாக வந்த கால்நடை மருத்துவரிடமே கடைக்கார அனத்தோல் ஆரம்பித்துவிட்டார். வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை குருவாபாஸ் சாலைப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு வரவேண்டாம், எந்தப் பசு கன்று போட்டாலும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளட்டும் என்றார்.

“பசுகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று மருத்துவர் நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

அடுத்து வந்த தபால்காரப் பெண்ணிடமும் அதையே சொன்னார். அதற்கடுத்து வந்த பதினெட்டுப் பேரிடமும் சொன்னார். ஊருக்கு ஒரே ரொட்டிக்கடை என்பதால், மதியம் கடை சாத்துவதற்குள் வில்மோர் என்ற அந்தப் பிரெஞ்சுக் கிராமம் முழுவதற்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

கல்லாவில் நின்ற அவர் மனைவி ஒர்தான்ஸ் மட்டும் சந்தோஷப்படவில்லை.

“அந்த ரோட்டுல எந்த வியாழக்கிழமையும் யாரும் போறதில்ல. நீ வாயை மூடிட்டு இருந்தாலே போதுமே.”

“போற ஒண்ணு ரெண்டும் போகக்கூடாதுன்னுதான் சொல்றேன்.”

“ஆமா, நீ சொன்னதும் இந்த ஊர் கேட்டுட்டுதான் மறுவேலை பாக்கும்.”

அனத்தோலுக்கு வயது ஐம்பத்தொன்பது. அதிகாலையில் அடுப்பு மூட்டி, மதியம் கடை சாத்தி, ஒரு தட்டு சூப்பைக் குடித்துவிட்டு, இறுக்கமான அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தால் அவர் வேறு ஆள். வில்மோர் சைக்கிள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் இருவருக்கு முழங்கால் சரியில்லை.

ஊரைத் தாண்டி குருவாபாஸ் மேடு வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர். முதலில் கற்சுவர்களுக்கு நடுவே செம்பழுப்புப் பசுக்களைப் பார்த்தபடி போகலாம். பிறகு பழைய மாவு ஆலை, ஒற்றை வண்டி போகிற கல் பாலம். அதற்கப்புறம் பீச் மரக்காட்டுக்குள் சாலை வளைந்து வளைந்து ஏறும். முப்பத்தோரு வருடமாக அனத்தோல் அதில் போய் வருகிறார். போகும்போது கேட்பது தன் மூச்சும் சங்கிலி ஓடுகிற சத்தமும்தான். பக்கத்தில் இரண்டு பேர் வந்தால் ஜோடியாகப் போய்க்கொண்டே ஊர் வம்பு பேசலாம், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு நாள் பாலத்து நட்டநடுவில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு பஞ்சர் ஒட்டி, காற்றடித்து, கை கழுவிவிட்டு வந்தார். அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஒரு வண்டி வரவில்லை. இதைக் கடைக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடமெல்லாம், ஏதோ அந்தச் சாலையைத் தானே பெற்று வளர்த்த மாதிரி சொல்லுவார்.

இவ்வளவு நல்ல சாலைக்கு ஒரு பெயர்ப்பலகை இல்லையே என்பதுதான் அவர் குறை. பக்கத்து மாவட்டத்தில் ஒரு சுமாரான சாலைக்கு ‘சைக்கிள்காரர்களின் அமைதிச் சாலை’ என்று பச்சைப் பலகை வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே உட்கார்ந்து, மாவட்டச் சாலை அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வண்டி போனால் அதிகம் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘தங்கள் கடிதத்தில் கண்ட சாலையின் போக்குவரத்தை நேரில் அறிய எமது அலுவலர் மதாம் லெஸ்கூர் வியாழக்கிழமை காலை பத்து முதல் பதினொன்று வரை சைக்கிளில் வந்து பார்வையிடுவார்.’

சைக்கிளில் என்று போட்டிருந்தது போதும். அனத்தோல் அந்தக் கடிதத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். மேயர் வந்து கை குலுக்கினார். சங்கத்து ஆட்கள், பலகையை எந்த இடத்தில் நடுவது என்று பாலத்தருகே போய் நின்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள்.

புதன்கிழமை மாலை ஃபூஷே கடைக்கு வந்தார். மாடு வளர்ப்பவர், அனத்தோலுடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

“ரொம்ப நன்றிப்பா. பெரிய உபகாரம் பண்ணியிருக்கே” என்றார்.

என்ன உபகாரம் என்று அனத்தோலுக்குப் புரியவில்லை. ஃபூஷே விளக்கினார். காய்ந்த புல்லைக் கூட்டிக் குவிக்கிற எந்திரம் இருக்கிறதல்லவா, அதன் ஒரு பக்கக் கை மடங்க மாட்டேன் என்கிறது. விரித்தபடி டிராக்டரில் இழுத்துப்போனால் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொள்ளும். எதிரே ஒரு கார் வந்தாலும் ஒதுங்க முடியாது. ஒரு வாரமாக மேட்டுப் புல்வெளிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். இப்போது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு காரும் வராது என்று ஊரே சொல்கிறது.

அனத்தோல் பதறிப்போய், ஒன்பது மணிக்கே போய்விடச் சொன்னார். பனி காயாமல் புல்லைத் தொட முடியாது என்றார் ஃபூஷே. மத்தியானம் போகச் சொன்னார். மத்தியானம் மழை என்றார்.

“கவலைப்படாதே. உங்க அதிகாரி அம்மா வர்றது தெரிஞ்சா ஆலைப் பக்கம் ஒதுங்கி நின்னுக்கறேன். ஒரு டிராக்டர் போனா ரோடு தேஞ்சா போயிடும்?”

ஒரு டிராக்டர்தானே என்று அனத்தோல் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் வெளியூர் வண்டி எதுவும் உள்ளே வராமல் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று தோன்றியது. தடுப்பு வைக்க மேயர் சம்மதிக்கவில்லை. அதற்கு அனுமதி வாங்க மூன்று வாரம் ஆகுமாம். அதனால் இரண்டு மாவுப் பெட்டிகளின் அட்டையைப் பிரித்து, பெரிய எழுத்தில் எழுதி, சாலையின் இரண்டு முனையிலும் கட்டிவிட்டு வந்தார்: ‘வியாழன் காலை 10 முதல் 11 வரை இந்தச் சாலையில் கார்கள் இருக்காது. ஒத்துழைப்புக்கு நன்றி.’

“இது என்ன, வராதேன்னு எழுதியிருக்கா, வான்னு எழுதியிருக்கா?” என்று ஒர்தான்ஸ் கேட்டாள்.

“படிச்சா புரியும்.”

“எனக்குப் புரிஞ்சுடுச்சு. அதான் கேக்கறேன்.”

வியாழக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு வெள்ளை வேன் கடை முன்னால் வந்து நின்றது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்து பேட்டரி சைக்கிள் ஒன்றை இறக்கினார். மதாம் லெஸ்கூர் நாற்பது வயதுக்காரர், தலைக்கவசமும் கண்ணாடியுமாகக் கச்சிதமாக இருந்தார். வலது கையில் ஒரு சின்னக் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு எண் கூடும்.

“எண்ணிட்டே போவேன். நீங்க பேசிட்டே வாங்க, எனக்குத் தொந்தரவில்ல” என்றார்.

ஓட்டுநர் காபிக்கு ஒர்தான்ஸிடம் போனார். இவர்கள் இருவரும் புறப்பட்டார்கள்.

முதல் இரண்டு கிலோமீட்டர் அனத்தோலின் வாழ்க்கையிலேயே நல்ல இரண்டு கிலோமீட்டர். காற்றில்லை. குயில் ஒன்று காட்டுக்குள்ளிருந்து கூவியது. பசுக்கள் சுவரோரம் வந்து நின்று இருவரையும் பார்த்தன. மதாம் லெஸ்கூரின் கட்டைவிரல் அசையவே இல்லை.

“இவ்வளவு அமைதியாவா இருக்கும்?” என்று அவர் கேட்டார்.

“இது சத்தமான நாள். குயில் கத்துதில்ல” என்றார் அனத்தோல்.

அந்த நேரத்தில் முன்னால் ஒரு நீலக் கார் தெரிந்தது. சாலையின் நடுக்கோட்டில், நடந்துபோகிற வேகத்தில் வந்தது. ஓட்டிவந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை மத்மொசெல் செலெஸ்தீன். டவுனுக்குப் போகிற கணவாய்ச் சாலையில் ஒரு லாரி உரசிப் போனதிலிருந்து மூன்று வருடமாக அவர் காரைத் தொடவில்லை. இவர்களைப் பார்த்ததும் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

“அனத்தோல், எதிர்ல ஒரு வண்டியும் வராதுன்னு நீங்க சொன்னதாலதான் தைரியமா எடுத்தேன். மூணாவது கியர் போட்டுட்டேன், தெரியுமா?”

கண் கலங்கியிருந்தது அவருக்கு. அனத்தோலால் கோபப்பட முடியவில்லை. ரொம்ப சந்தோஷம், சீக்கிரம் வீட்டுக்குப் போங்க என்று மட்டும் சொன்னார்.

டிக்.

“ஒண்ணுதானே” என்று அனத்தோல் மெதுவாகச் சொன்னார்.

ஆலை வளைவில் மூன்று கார்கள் வரிசையாக வந்தன. மூன்றின் தலையிலும் ஓட்டுநர் பள்ளிப் பலகை. முதல் கார் ‘சடக்’கென்று நின்றது. இரண்டாவது அதைப் பார்த்து நின்றது. மூன்றாவது நிற்பதற்கு முன் சற்று யோசித்தது. பயிற்சியாளர் ரெஜீஸ் எட்டிப் பார்த்து, இந்த மாதிரி ஒரு அறிவிப்புக்காக எத்தனை வருடமாகக் காத்திருந்தோம் தெரியுமா, பிள்ளைகள் பயமில்லாமல் பழகுகிறார்கள், மாதம் ஒரு முறை வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அறிவிப்பைப் போட்டோ எடுத்து எல்லாக் குழுவுக்கும் அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்.

டிக், டிக், டிக்.

“எல்லாக் குழுவுக்குமா?” என்று அனத்தோல் கேட்டார். ரெஜீஸ் அதற்குள் முதல் காரை மறுபடி கிளப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழுக்களில் பழங்கார்ச் சங்கமும் ஒன்று. எழுபது, எண்பது வயதுக் கார்களைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள். இந்தக் காலத்துக் கார்கள் பின்னால் வந்து ஹாரன் அடிப்பது அவர்களுக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு பழங்கார்கள் மேட்டிலிருந்து வரிசையாக இறங்கிவந்தன. ஓட்டியவர்கள் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். அனத்தோலும் வேறு வழியில்லாமல் கை ஆட்டினார். மதாம் லெஸ்கூரின் கட்டைவிரல் தையல் எந்திர ஊசி மாதிரி ஏறி இறங்கியது.

அவை பாலத்துக்கு வந்த நேரம், ஊர்ப் பக்கத்திலிருந்து ஃபூஷே வந்துவிட்டார். ஒதுங்கி நிற்க நினைத்திருந்த ஆலை முற்றத்தில் பயிற்சிக் கார்கள் பின்னால் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தன. அவருடைய எந்திரம் மடங்காத கையை விரித்துக்கொண்டு பாலத்துச் சுவர்களுக்கு நடுவே சிக்கி நின்றது. முன்னால் பழங்கார்கள். பின்னால், மூன்றாவது கியரில் இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று திரும்பிவந்த செலெஸ்தீன். சாலை தோன்றிய நாளிலிருந்து அதில் கேட்காத ஹாரன் சத்தமெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கேட்டது.

ஹாரன் ஊருக்குக் கேட்டது. வராதே என்று சொல்லப்பட்டதால் அதுவரை பொறுமையாக வீட்டிலிருந்த வில்மோர்க்காரர்கள், அனத்தோலுக்கு ஏதோ விபத்து என்று நினைத்துக் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பதினான்கு கார். உறுப்பினர்கள் எல்லாருக்கும் முன்னால் சைக்கிள் சங்கத்துச் செயலாளர்தான் வந்தார். தபால் வேனும் வந்தது. கடைசியாகக் கால்நடை மருத்துவர் வந்து கண்ணாடியை இறக்கினார்.

“பசு ஒத்துக்கலை” என்றார்.

அனத்தோல் சைக்கிளைப் பாலத்துச் சுவரில் சாய்த்தார். அவமானத்தில் காது சிவந்திருந்தது. ஆனால் சாலை அவருடைய சாலை. அதன் ஒவ்வொரு வளைவும், எந்த வயல் வாசலில் எத்தனை வண்டி ஒதுங்கும் என்பதும் அவருக்கு அத்துப்படி. அரைக்கால் சட்டையோடு பாலத்து நடுவில் நின்று கையை நீட்டினார். பழங்கார்களை ஏழெட்டாகப் பிரித்து மூன்று வயல் வாசல்களில் ஏற்றினார். பயிற்சிக் கார்களை அப்படியே அசையாமல் நிற்கச் சொன்னார். அதை அவர்கள் நன்றாகச் செய்தார்கள். நான்கு பேரைக் கூப்பிட்டு எந்திரத்தின் மடங்காத கையை ஒரு முட்டுக் கட்டையால் தூக்கிப் பிடிக்க வைத்து, ஃபூஷேயை அங்குலம் அங்குலமாகப் பாலத்தைத் தாண்ட வைத்தார்.

“அடுப்புல தட்டு தள்ற மாதிரியே தள்றியேப்பா” என்று ஃபூஷே டிராக்டரிலிருந்து சொன்னார்.

“பேசாம ஓட்டு. உன்னை அப்புறம் வேகவைக்கிறேன்.”

ஒரு கீறல் இல்லாமல் எல்லா வண்டியும் பிரிந்தபோது பழங்கார்க்காரர்கள் கை தட்டினார்கள். மதாம் லெஸ்கூர் கருவியைப் பார்த்தார். நாற்பத்து மூன்று. மணி பதினொன்று. கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மிச்சமிருந்த மேட்டை இருவரும் ஏறினார்கள். குருவாபாஸ் உச்சியில் கல் சிலுவையடியில் நின்று அனத்தோல் தண்ணீர் குடித்தார். பிறகு மனசு கேட்காமல் ஆரம்பித்தார். இன்றைக்கு நடந்ததை நம்பாதீர்கள், இது என்னால் வந்த வினை, நாளைக்கு வாருங்கள், திங்கட்கிழமை வாருங்கள், ஒரு வண்டி வந்தாலும் என் கடையை இழுத்து மூடுகிறேன் என்றார். இந்தச் சாலையில் வண்டியே வராது என்று சத்தியம் செய்தார். அந்த எண்ணை எழுதவேண்டாம் என்று, தன் வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவர், கெஞ்சினார்.

“நான் பார்த்ததைத்தான் எழுத முடியும் ஐயா” என்றார் மதாம் லெஸ்கூர்.

“அது பொய்யாச்சே.”

“நாப்பத்திமூணும் என் கண் முன்னால போச்சு. அதுல பொய் எங்க இருக்கு?” பிறகு, “இந்த ரோடு உங்களுக்கு அவ்வளவு பெருமையா?” என்று கேட்டார்.

அனத்தோல் கீழே பார்த்தார். காட்டுக்குள் புகுந்தும் வெளியே வந்தும் ஊர்வரைக்கும் தார் மின்னிக்கொண்டு கிடந்தது.

“எனக்குக் கார் பந்தயத்துல, கால்பந்துல எதுலயும் பெருமை கிடையாது. என் ரொட்டியைவிட நல்ல ரொட்டி டவுன்ல கிடைக்கும், அதுவும் தெரியும். ஆனா இப்படி ஒரு ரோடு ராஜாவுக்கும் கிடையாது. மத்தியானத்துல நான் இதுல இறங்கறப்ப, முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் பின்னாடி திரும்பிப் பாத்தது இல்ல.”

மதாம் லெஸ்கூர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, தலைக்கவசத்தின் வாரை இறுக்கினார். அறிக்கை மேலிடத்துக்குப் போகும்வரை எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி என்றார்.

திரும்பும்போது சாலையில் ஒருவரும் இல்லை. ஒன்பது கிலோமீட்டரும் சக்கரம் தார்மேல் போகிற சத்தம் மட்டும். காட்டுக்குள் ஒரு மான் நின்று பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் குறுக்கே நடந்து போனது. பாலத்தில் ஓடைத் தண்ணீர் சத்தம் கேட்டது.

“இதோ, இதுதான். இப்ப எண்ணுங்க” என்றார் அனத்தோல்.

“மணி பதினொண்ணு தாண்டிடுச்சு” என்றார் மதாம் லெஸ்கூர். ஆனால் அவரும் பேட்டரியை அணைத்துவிட்டு மெதுவாகத்தான் மிதித்தார்.

ஊருக்கு வந்ததும் அவர் கையெழுத்து வாங்க மேயர் அலுவலகத்துக்குப் போனார். அனத்தோல் கடைக்குள் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். ஒர்தான்ஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். நான்தான் சொன்னேனே என்று சொல்ல இரண்டு நாளாகக் காத்திருந்தவள், சொல்லாமல் ஒரு கோப்பை காபியைக் கையில் கொடுத்தாள்.

“எத்தனை?”

“நாப்பத்திமூணு.”

“போகட்டும் விடு. பலகை இல்லேன்னா ரோடு ஓடியா போயிடும்?”

“பலகை போனா போகுது. நாப்பத்திமூணுன்னு எழுதிட்டுப் போறாங்க. நம்ம ரோட்டு மேல. அதை எப்படித் தாங்கறது?”

சன்னலோரம் உட்கார்ந்து ஆப்பிள் பண்டம் தின்றுகொண்டிருந்த வேன் ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்தார். அவர் அங்கே இருப்பதையே இருவரும் மறந்திருந்தார்கள். கையை உதறிக்கொண்டு, நாற்பத்து மூன்று வண்டி என்பது நிஜம்தானா என்று கேட்டார். நிஜம்தான் என்று அனத்தோல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“அப்புறம் ஏன் சார் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? மணிக்குப் பத்து வண்டிகூடப் போகாத ரோட்டைக் கண்டுபிடிச்சு, செலவு மிச்சம்னு தாரைச் சுரண்டி எடுத்துட்டு சரளையைக் கொட்டச் சொல்லித்தான் எங்களை அனுப்பியிருக்காங்க. இந்த மாசம் பதினாலு ரோடு பாத்தோம், உங்களுது ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு.”